மைல் என்னும் குறி: உலகச் சுற்றுச் சீட்டு ஒன்றை வாசித்தல்

2025 பொங்கலுக்கு அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு வந்திருந்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் படிக்கப் போனவன். அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அப்புறம் அந்த நாட்டுக் குடியுரிமை. கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "மாமா, நீங்களும் நானும் உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். ஃப்ரீயாவே. மைல் சும்மா கெடக்குது" என்றான்.

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். என் பாஸ்போர்ட்டில் கொழும்புக்கு ஒன்று, கோலாலம்பூருக்கு ஒன்று என்று இரண்டே முத்திரைகள். அடுத்த மூன்று இரவுகள் சாப்பாட்டு மேசையில் அவனுடைய லேப்டாப்பும் என் மகளின் பழைய பள்ளி அட்லஸும் விரிந்து கிடந்தன. விமான நிறுவனங்களின் விதிமுறைகளை அவன் உரக்க வாசிப்பான்; நான் பென்சிலால் கோடு இழுப்பேன். அந்த மூன்று இரவுகளின் வாசிப்புதான் இக்கட்டுரை.

சிறுபத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் சினிமா போஸ்டரைப் பிரதியாக வாசித்திருக்கிறோம், விளம்பரத்தை வாசித்திருக்கிறோம், கோயில் கொடையை வாசித்திருக்கிறோம். ஆனால் விளம்பரத்துக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல ஓடும் சின்ன எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. விளம்பரம் ஆசையைச் சொல்கிறது. சின்ன எழுத்துதான் உலகத்தைச் சொல்கிறது. உலகம் எத்தனை மைல், எந்தத் திசையில் போகலாம், எத்தனை இடத்தில் மூச்சு வாங்கலாம், யார் போகலாம் என்பதையெல்லாம் வகுத்துக்கொடுப்பது அதுதான்.

முதலில் 'மைல்' என்ற சொல். அது ஒரு தூரத்தின் பெயர், ரோமானியப் படைவீரனின் ஆயிரம் இரட்டையடி. 1978-இல் அமெரிக்காவில் விமானத் துறையின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதுவரை கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு தீர்மானித்தது. அதன் பிறகு யாரும் யாருடைய வாடிக்கையாளரையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றானது. பயணியைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும். 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏ அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களுக்குள்ளேயே யுனைட்டெட் தன்னுடையதைத் தொடங்கியது. யார் அடிக்கடி பறக்கிறார்கள் என்பதை சேபர் என்ற முன்பதிவுக் கணினி ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது. ஆக, பரிசுக்கு முன்னால் கண்காணிப்பு வந்துவிட்டது. கண்காணிப்புக்குக் கொடுத்த சம்பளம்தான் பரிசு எனலாம்.

அப்போதாவது பறந்த தூரத்துக்கு மைல் கிடைத்தது. 1987-இல் சிட்டிபேங்கின் கிரெடிட் கார்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்தபோது, பறக்காமலே மைல் சேர ஆரம்பித்தது. மளிகை வாங்கினால் மைல், பல் பிடுங்கினால் மைல். 2015-இல் டெல்டாவும் யுனைட்டெடும், 2016-இல் அமெரிக்கனும், பறக்கிற தூரத்துக்கும் மைலுக்கும் இருந்த உறவை அறுத்துவிட்டு, சீட்டுக்குக் கொடுத்த டாலருக்கு இத்தனை மைல் என்று மாற்றின. குறிப்பான் தன் குறிப்பீட்டிலிருந்து கழன்று மிதக்கிறது என்று தொண்ணூறுகளில் நாம் கட்டுரைக்குக் கட்டுரை எழுதினோம். வாசகர்கள் தலையைச் சொறிந்தார்கள். இப்போது ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. தூரத்தைக் குறிக்காத மைல்.

அப்படியானால் அது எதைத்தான் குறிக்கிறது? கடனை. பெருந்தொற்றில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றிருந்த 2020-இல், யுனைட்டெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்துக்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில் அந்த முழு நிறுவனத்தின் மதிப்பே அதைவிடக் குறைவாக இருந்தது. மறுவருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைக் காட்டி 1,000 கோடி டாலர் வாங்கியது. நன்றாகக் கவனியுங்கள்: விமானங்கள், விமானிகள், ஹேங்கர்கள் எல்லாம் சேர்ந்த உடம்பைவிட அதன் நிழலுக்கு விலை அதிகம். வங்கிகளுக்கு மைலை அச்சடித்து விற்பது ஒரு தொழில். அதற்கு ஒரு சாக்காக விமானமும் ஓட்டுகிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை இல்லை.

இதை மருமகனிடம் சொன்னேன். "தெரியும் மாமா. அவங்க அச்சடிக்கிறாங்க, நாம செலவழிக்கிறோம். யாருக்கு நட்டம்?" என்றான். இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

*

இரண்டாம் நாள் இரவு விதிகளுக்கு வந்தோம். உலகச் சுற்றுச் சீட்டின் இலக்கணத்துக்கு நல்ல மாதிரி, ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனம் நெடுங்காலம் நடத்தி 2025 ஜூனில் நிறுத்திவிட்ட திட்டம். கிழக்கே போனால் கிழக்கேயே போக வேண்டும், மேற்கே போனால் மேற்கேயே. அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை கடந்தாக வேண்டும். விமானங்கள் பன்னிரண்டுக்கு மேல் கூடாது. தங்கும் இடங்கள் எட்டுக்கு மேல் கூடாது. மொத்தத் தூரத்தைப் பொறுத்து எத்தனை மைல் கழியும் என்பதற்கு ஓர் அட்டவணை. மற்ற நிறுவனங்களின் விதிகளும் எண்களில்தான் வேறுபடும், அமைப்பு கிட்டத்தட்ட இதுதான்.

வெண்பா எழுதுகிறவனுக்குத் தளை எப்படியோ, அப்படி இருக்கிறது இது என்று எனக்குத் தோன்றியது. சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒரு ருசி இருக்கிறது. ஒரு நகரத்தைச் சேர்த்தால் தூரம் அடுத்த படிக்குத் தாவிவிடும். இன்னொன்றை எடுத்தால் சமுத்திரத்தைக் கடக்க விமானம் இருக்காது. இரவு ஒரு மணி வரை அடித்துத் திருத்தி எழுதிய வழி இது: சென்னை, சிங்கப்பூர், டோக்கியோ, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், லிஸ்பன், இஸ்தான்புல், மும்பை, சென்னை. சுமார் 22,000 மைல்.

அட்லஸில் கோட்டை முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பூமத்திய ரேகைக்குக் கீழே ஓர் இடம்கூட இல்லை. சிங்கப்பூர் மட்டும் அந்த ரேகையின் மீது கால் வைக்காமல் ஒரு பாகை மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஓர் ஊர் இல்லை. தென் அமெரிக்கா இல்லை. பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 24,900 மைல். நாங்கள் அதைவிடக் குறைந்த தூரத்தில் 'உலகத்தை' முடித்துவிட்டோம். மேலே, பணக்கார நாடுகள் இருக்கிற அட்சரேகைகளில், உலகம் சிறியது. கிழக்கு மேற்கு என்ற ஒரே அச்சில் அதைக் கோத்துவிடலாம். லாகோஸையும் லிமாவையும் சேர்க்க வேண்டுமென்றால் வடக்கும் தெற்கும் ஏறி இறங்க வேண்டும். அட்டவணை அதற்குத் தண்டம் போடும். யாரும் ஆப்பிரிக்காவை விலக்கு என்று விதி எழுதவில்லை. தூரத்துக்கு விலை வைத்ததிலேயே அது விலகிவிட்டது. (நமக்கும் பெரிய யோக்கியதை இல்லை. 1973-இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிப'னின் உலகம் ஹாங்காங், ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூரோடு முடிந்துவிட்டது. ஆனால் எம்.ஜி.ஆர். திசை விதி எதுவும் வைக்கவில்லை.)

இந்த ஒற்றைத் திசைக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1873-இல் நூலாக வந்த ஜூல் வெர்னின் 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' நாவலில் பிலியாஸ் ஃபாக் கிழக்கு நோக்கியே போகிறான். அதனால் கணக்கில் ஒரு நாள் லாபம் வந்து பந்தயத்தில் ஜெயிக்கிறான். அவன் பார்ப்பது ஊர்களை அல்ல, கால அட்டவணையை. ரயிலும் கப்பலும் இணைகிற நிமிஷங்கள்தான் அவனுக்கு உலகம். இந்த அம்சத்தில் அவன் மைல்காரர்களின் மூதாதை. ஆனால் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொரு காட்சி. சூயஸில் ஃபாக் தன் பாஸ்போர்ட்டில் விசா வாங்கப் பிரிட்டிஷ் கான்சலிடம் போகிறான். அது தேவையே இல்லை என்கிறார் அவர். இருந்தும் ஃபாக் கேட்டு வாங்குகிறான், தான் அங்கே வந்து போனதற்கு ஒரு சாட்சிக்காக. விசா அவனுக்கு அனுமதி இல்லை, ரசீது.

1947 ஜூன் 17 அன்று பான் அமெரிக்கன் நிறுவனம் உலகைச் சுற்றும் விமானச் சேவையை நியூயார்க்கிலிருந்து தொடங்கியபோது, கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கியது. இன்னும் இரண்டு மாதத்தில் வெவ்வேறு நாடாகப்போகிற இரண்டு ஊர்கள். ஒரு வேடிக்கை: அமெரிக்காவுக்குள்ளே பறக்க அந்த நிறுவனத்துக்கு அன்று உரிமை இல்லை. ஆகவே உலகத்தையெல்லாம் சுற்றிய வட்டம், சான் பிரான்சிஸ்கோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில், சொந்த வீட்டுக்குள் மூடாமலே நின்றது. வட்டத்தை மூடும் அதிகாரம் அன்று அரசிடம் இருந்தது. இன்று அது கூட்டணிகளிடம் இருக்கிறது. 1997-இல் ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் ஒன்வேர்ல்டு. இரண்டாவதன் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரே உலகம். நமது சர்வதேசியக் கனவின் பெயரை ஒரு டிக்கெட் ஏற்பாட்டுக்கு வைத்துவிட்டார்கள், நாம் வாயைத் திறக்கவில்லை.

*

இனி, மைல்காரன் என்கிற வாசகனைப் பற்றி.

நம் தோழர்களிடம் இதைச் சொன்னால் 'நுகர்வு மோகம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனம். மைல்காரன் சாதாரண நுகர்வோன் இல்லை. அவன் ஒரு நுணுக்கமான வாசகன். விதிப் பிரதியை அவனளவு ஊன்றி வாசிக்கிற விமர்சகர்கள் நம்மிடையே ஐந்து பேர் தேறமாட்டார்கள். பிரதியின் சந்துபொந்துகளில், அது சொல்ல மறந்த இடங்களில், எழுதியவனே எதிர்பார்க்காத அர்த்தத்தை எடுக்கிறான்.

1999-இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியப் பொறியாளர் செய்ததைப் பாருங்கள். ஒரு உணவுக் கம்பெனி, பத்துப் பொட்டலங்களின் பட்டைக்குறிகளை அனுப்பினால் ஐந்நூறு மைல், சீக்கிரம் அனுப்பினால் இரட்டிப்பு என்று அறிவித்தது. மலிவான பண்டம் எது என்று தேடிப்போனவர், கால் டாலருக்கு விற்ற புட்டிங் கப்புகளைக் கண்டுபிடித்தார். 12,150 கப்புகளை வாங்கினார். செலவு 3,140 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல். கெடு முடிவதற்குள் இவ்வளவு பட்டைக்குறிகளையும் கிழிக்க ஆள்? புட்டிங்கை சால்வேஷன் ஆர்மிக்குத் தானமாகக் கொடுத்தார், அங்கிருந்த தொண்டர்கள் கிழித்துக் கொடுத்தார்கள். தானத்துக்கு வருமான வரிச் சலுகையும் வாங்கிக்கொண்டார். 2002-இல் வந்த 'பஞ்ச்-டிரங்க் லவ்' படத்தின் கதாநாயகனுக்கு இந்தச் சங்கதியைத்தான் கொடுத்தார்கள்.

இன்னொன்று இதைவிட அழகு. 2008-இல் அமெரிக்க அரசின் நாணயச் சாலை, ஒரு டாலர் நாணயங்களை மக்களிடம் புழங்கவிட, கிரெடிட் கார்டுக்கு விற்று, வீட்டுக்கே இலவசமாக அனுப்பத் தொடங்கியது. மைல்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். பெட்டி பெட்டியாக வந்த நாணயத்தை நேரே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தாலேயே கார்டு பாக்கியை அடைத்தார்கள். பணம் பணத்தை வாங்கியது; நடுவில் மைல் உதிர்ந்தது. 2011 ஜூலையில் கார்டு விற்பனையை நிறுத்தினார்கள். மூலதனத்தின் இரண்டாவது பாகத்தைப் படிக்காமல் விட்டவர்களுக்கு இதைவிட எளிய அறிமுகம் கிடைக்காது.

மிஷெல் த செர்த்தோ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இடம் சொந்தமாக வைத்திருப்பவனிடம் இருப்பது உத்தி, சொந்த இடம் இல்லாதவனிடம் இருப்பது தந்திரம் என்று 1980-இல் வந்த தன் நூலில் பிரித்தார். வாசகன் அடுத்தவன் காட்டில் புகுந்து வேட்டையாடுகிறவன் என்றார். புட்டிங்காரர் அச்சு அசலாக அந்த வேட்டைக்காரன்தானே?

இங்கேதான் நான் தயங்குகிறேன். நண்பர்கள் சிலர், எவன் எங்கே குறுக்கு வழி கண்டாலும் அதை 'எதிர்ப்பு' என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். வேட்டைக்காரன் கொண்டுபோன மான் யாருடையது என்பதையும் கேட்கணும். மருமகன் கேட்டானே, யாருக்கு நட்டம் என்று. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010-இல் இதைக் கணக்குப் போட்டார்கள். கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடமிருந்து ஒரு கட்டணம் போகிறது. கடைக்காரர் அதை எல்லாருடைய விலையிலும் ஏற்றுகிறார். மைல் கிடைப்பது கார்டுகாரனுக்கு மட்டும். அமெரிக்காவில் ரொக்கம் கொடுத்து வாங்கும் ஒரு குடும்பம் வருஷத்துக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்கு இப்படிக் கொடுக்கிறது. கார்டுக் குடும்பம் ஒன்றுக்கு ரொக்கக்காரர்களிடமிருந்து வந்து சேர்வது 1,133 டாலர். பாலும் ரொட்டியும் சில்லறையில் வாங்குகிறவள்தான் டோக்கியோவுக்கு என் ஜன்னலோர இருக்கையை வாங்கித் தருகிறாள். கம்பெனி காட்டில் இல்லை வேட்டை. அடுத்த வீட்டுக் கொல்லையில்.

தவிர, காடு யாருடையதோ அவன் காட்டையே நகர்த்திக்கொண்டு போய்விடுகிறான். நேற்று எழுபதாயிரம் மைலுக்குக் கிடைத்த இருக்கை இன்று ஒரு லட்சம் என்றால் முறையிட இடமில்லை. 'எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்' என்ற வரி எல்லா விதிப் புத்தகத்திலும் உண்டு. 2015-இல் டெல்டா, எந்தத் தூரத்துக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நுணுக்கமான வாசகன் எதை வாசிப்பான்? 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கும் அடியில் வரியும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் உட்கார்ந்திருந்தன. எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

*

மூன்றாம் நாள் இரவு என் பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவனும் தன்னுடையதை வைத்தான். நீலத்தில் இரண்டு, ஒன்றின் மீது நாலு சிங்கம், ஒன்றின் மீது கழுகு.

அதே வழி, அதே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஆனால் எனக்கு சிங்கப்பூருக்கு விசா, ஜப்பானுக்கு விசா, அமெரிக்காவுக்கு விசா, லிஸ்பனுக்கு ஷெங்கன் விசா, துருக்கிக்கு விசா. அவனுக்கு இந்த ஐந்தில் எதுவும் வேண்டாம். அவனுக்குத் தனிக் காகிதம் தேவைப்பட்டது ஒரே ஒரு நாட்டுக்குத்தான், அவன் பிறந்த நாட்டுக்கு. அந்த ஓ.சி.ஐ. கார்டை எடுத்துக் காட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அமெரிக்காவுல எறங்க வேண்டாம்டா, விமானம் மட்டும் மாறிக்குவோம்" என்றேன். அதற்கும் விசா வேண்டுமாம். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராமல் அடுத்த விமானம் ஏறுகிறவர்களுக்கு இருந்த விசா விலக்கை, 2003 ஆகஸ்டில் அமெரிக்கா நிறுத்திவிட்டது. பசிபிக்கைக் கடந்தே தீர வேண்டும் என்பது சீட்டின் விதி. பசிபிக்கின் மறுகரையில் கேட்கப்படும் காகிதம் சீட்டின் விதியில் இல்லை. 'பயணி' என்று விதிப் பிரதி பேசும்போதெல்லாம் கழுகு போட்ட பாஸ்போர்ட்டைத்தான் மனசில் வைத்துப் பேசுகிறது. மற்றவர்களுக்கு ஒரே ஒரு வரி: தேவையான ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு. பன்னிரண்டு விமானமும் எட்டு நகரமும் பதினைந்து பக்கத்துக்கு விவரிக்கப்படுகின்றன. உலகத்தில் பாதிப்பேருடைய பிரச்சினைக்கு ஒரு வரி.

மார்க் ஓஜே 1992-இல் எழுதிய 'இடமல்லா இடங்கள்' நூல், பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு வியாபாரி எந்தத் தடங்கலும் இல்லாமல் சீட்டு வாங்கி, கடை பார்த்து, விமானம் ஏறுவதோடு தொடங்குகிறது. அடையாளத்தைக் கவுண்டரில் ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு பெயரற்றவனாக இருக்கும் சுதந்திரம் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அது கவுண்டரைத் தாண்டியவனின் வாதம்.

அந்தக் கவுண்டருக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் தமிழர்களுக்குப் பங்கும் இருக்கிறது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் தஞ்சம் கேட்டு இறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் ஆடைகளைக் களைந்து ஓடுபாதையருகில் நின்று எதிர்த்தார்கள். அடுத்த சில வாரங்களில் பிரிட்டிஷ் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. சரியான காகிதம் இல்லாத ஒவ்வொரு ஆளுக்கும், ஏற்றிவந்த விமான நிறுவனம் 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். அந்த ஆண்டே சட்டமானது. 1991-இல் அபராதம் இரட்டிப்பானது. இதன் விளைவு என்ன? குடிவரவு அதிகாரியின் வேலை, கொழும்பிலும் சென்னையிலும் செக்-இன் கவுண்டரில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி நிற்கும் பெண்ணின் வேலையாக மாறிவிட்டது. தங்க அட்டைக்காரரைப் பெயர் சொல்லி வரவேற்கிறவளும் அவளே. அடுத்து நிற்பவனுடைய விசாவை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறவளும் அவளே. ஷெங்கன் நாடுகள் அத்தனையிலும், ஏர்போர்ட்டுக்குள் விமானம் மாறுவதற்கே விசா கேட்கப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. ஆஃப்கானிஸ்தான், சோமாலியா, எரித்திரியா வரிசையில் இலங்கையும் ஒன்று.

ஆக, விமானக் கால அட்டவணையை வரி வரியாக, இடுக்கு இடுக்காக வாசித்த இன்னொரு வாசகனும் இருந்திருக்கிறான். எண்பதுகளின் நடுவில் ஈழத்தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களுக்கு வழிப்பயண விசா கொடுத்தது. அங்கிருந்து நகர ரயிலேறினால் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். ஏன்? நகரத்தைப் பிரிக்கும் கோட்டை ஒரு சர்வதேச எல்லை என்று மேற்கு ஏற்றுக்கொள்ளவில்லை; ஏற்காத எல்லையில் எப்படிச் சோதனை போடுவது? இரண்டு வல்லரசு முகாம்கள் ஒன்றையொன்று மறுத்து எழுதிய பிரதியில் ஒரு ரயில் பெட்டி அகலத்துக்கு இடைவெளி இருந்தது. யாழ்ப்பாணத்துப் பையன் அதை வாசித்துவிட்டான். 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 155 தமிழர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள்தாம். அவர்களுடைய வழியையும் எங்கள் அட்லஸிலேயே இழுத்துப் பார்த்தேன். கொழும்பு, பெர்லின், அட்லாண்டிக். திசை விதிப்படிகூட அது சரியான உலகச் சுற்றில் பாதி, மேற்கு நோக்கியே போகிறது.

த செர்த்தோவின் 'தந்திரம்' என்ற சொல்லை நான் இவனுக்காக வைத்துக்கொள்கிறேன். புட்டிங்காரருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இருவரும் வாசிக்கிறார்கள், இருவரும் இடைவெளியைக் கண்டுபிடிக்கிறார்கள். இடைவெளி அடைபட்டால் ஒருவர் ஒரு சலுகையை இழக்கிறார். இன்னொருவன் நடுக்கடலில் நிற்கிறான்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் வாதாடவில்லை. அவன் மோசமானவன் இல்லை. "விசாவுக்கு அப்ளை பண்ணுங்க மாமா, கெடைக்கும். அமெரிக்க விசா ஒண்ணு ஒட்டிட்டா மத்ததெல்லாம் சுலபம்" என்றான். உண்மைதான். துருக்கிக்கான மின்விசாவே, அமெரிக்காவோ பிரிட்டனோ ஷெங்கனோ ஏற்கெனவே விசா கொடுத்த இந்தியனுக்குத்தான். ஒரு கதவு திறந்தவனுக்கு அடுத்த கதவு திறக்கும்.

நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. வங்கிக் கணக்கு விவரம், சொத்து விவரம், திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் என்று கேட்கிறார்கள். திரும்பி வரமாட்டேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு என்னை வாசிக்கிற ஒரு வாசகன் முன்னால் போய் நிற்பதற்கு மூன்று தடவை படிவத்தைத் திறந்தேன், மூன்று தடவையும் மூடிவிட்டேன்.

மைல் வீணாகவில்லை. அவன் கிளம்புகிற அன்றுதான் தெரிந்தது, அக்காவின் பழைய பயணங்கள் எல்லாம் அந்த மைலில்தான் நடந்தன என்று. 2008-இல் முதல் பேத்தி, 2012-இல் பேரன். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். சாம்பார்ப் பொடி, வேப்பிலைக் கட்டி, பிரசவ மருந்து, குழந்தைக்குத் தேய்க்க எண்ணெய் என்று இரண்டு பெட்டி. இங்கிலீஷ் தெரியாததால் நடக்க முடிந்த அக்காவுக்கு சக்கர நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறான்; யாரிடமும் வழி கேட்க வேண்டாமே. ஒரு மாதம் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அங்கே என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு அவன் ஒரு தொகை சொன்னான். உலகச் சுற்றுச் சீட்டே வாங்கலாம்.

"நடுவுல எந்த ஊர்லக்கா பிளேன் மாறுன?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "பேர் தெரியலடா தம்பி. நாலு மணி நேரம் ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வச்சுட்டுப் போயிட்டாங்க. ஏ.சி. தாங்கல. சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள்.